மௌனப்படத்திலிருந்து பேசும்படத்துக்கு: பார்த்ததும் படித்ததும்

ஜூன் 4

இன்று ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் 'தி லாஸ்ட் லாஃப்' (1924). பெரிய ஓட்டலின் வாசலில் சீருடையில் மிடுக்காக நின்ற கிழவரைக் கழிவறை வேலைக்கு மாற்றிவிடுகிறார்கள். கதை அவ்வளவுதான். வசனம் காட்டும் எழுத்து அட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் கிழவராக நடித்த எமில் யானிங்ஸின் முதுகே சொல்லிவிடுகிறது. சீருடை போனதும் அந்த முதுகு வளைகிற விதத்தைப் பார்த்து நெஞ்சு கனத்துவிட்டது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் கேமராவை உடம்பில் கட்டிக்கொண்டு படம்பிடித்திருக்கிறார். கேமரா அப்போதே நடக்கப் பழகிவிட்டது.

ஜூன் 6

'தி ஜாஸ் சிங்கர்', 1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் வெளியானது. பேசும்படக் காலத்தைத் தொடங்கிவைத்தது என்று பெயர், ஆனால் பெரும்பகுதி மௌனப்படம்தான். ஆல் ஜால்சன் பியானோ முன் உட்கார்ந்து பாட்டுக்கு நடுவே அம்மாவிடம் கலகலவென்று பேசுகிறார். அப்பா உள்ளே வந்து "நிறுத்து!" என்கிறார். அந்த ஒரு சொல்லோடு பேச்சு நின்று, மறுபடி எழுத்து அட்டைகள் வந்துவிடுகின்றன. நமக்கே காது அடைத்துப்போனது போல இருக்கிறது. அதுவரை மௌனம் ஒரு குறையாகத் தெரியவே இல்லை. ஒரு குரலைக் கேட்ட பிறகுதான் தெரிகிறது.

ஒலி ஃபிலிமில் இல்லை, தனியாக 16 அங்குல இசைத்தட்டில் இருந்தது. வைட்டாஃபோன் முறை. ஃபிலிம் அறுந்து சில சட்டங்கள் (ஃப்ரேம்கள்) போய்விட்டால், அதே அளவு வெற்றுச் சட்டங்களைச் சேர்த்து ஒட்ட வேண்டும். இல்லையென்றால் வாய் ஒருபக்கம், குரல் ஒருபக்கம். ஃபிலிமின் ஓரத்திலேயே ஒலியைப் பதியும் முறை பின்னால் வென்றதில் வியப்பில்லை.

ஜூன் 7

வேகம் பற்றிக் கொஞ்சம் படித்தேன். மௌனப்படக் கேமராவைப் பெரும்பாலும் கையால் சுற்றினார்கள். வேகம் கூடியும் குறைந்தும் இருக்கும், கண் பொறுத்துக்கொள்ளும். காது பொறுக்காது, சுருதி மாறிவிடும். அதனால்தான் நொடிக்கு 24 சட்டங்கள் என்று நிலைத்தது.

ஜூன் 11

'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்' (1928), முழுக்கப் பேசிய முதல் முழுநீளப் படம். பார்க்க வருத்தமாக இருந்தது. கேமராவின் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று அந்த நாட்களில் கேமராவையும் ஆளையும் ஒரு கூண்டுக்குள் அடைத்தார்கள். நடிகர்களும் ஒளித்துவைத்த மைக்கை விட்டு விலக முடியாமல் கும்பலாக நின்று பேசுகிறார்கள். முர்னாவின் படம் வந்து நாலே வருடம்தான் ஆகியிருந்தது!

ஜூன் 15

இன்று ஃப்ரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931). இத்தனை நாள் படித்ததெல்லாம் இதில் வந்து கூடிவிட்டது. வீடு திரும்பாத மகளைத் தாய் "எல்ஸி... எல்ஸி..." என்று கூப்பிடுகிறாள். அந்தக் குரலுக்குக் கீழே லாங் காட்டுவது ஆளில்லாத மாடிப்படி, யாரும் தொடாத சாப்பாட்டுத் தட்டு. பேசுகிற வாயைக் காட்டவே இல்லை. கொலைகாரனையும் முகத்தால் அல்ல, அவன் அடிக்கும் சீட்டியால் ஒரு பார்வையற்ற பலூன்காரர் அடையாளம் காண்கிறார்.

ஒலி படத்தின் பின்னாலேயே ஓடக்கூடாது, அதோடு முரண்பட்டு நிற்க வேண்டும் என்று சோவியத் இயக்குநர்கள் ஐசன்ஸ்டைனும் புடோவ்கினும் அலெக்ஸாண்ட்ரோவும் 1928இலேயே அறிக்கை விட்டிருந்தார்கள். அதன் பொருள் எனக்கு இந்தக் காட்சியில்தான் முழுதாக விளங்கியது. கூண்டை விட்டுக் கேமரா வெளியே வந்தது பாதி விடுதலைதான். குரலை உதட்டிலிருந்து பிரித்தார்களே, மீதி அதில் இருக்கிறது.

அடுத்து ஜப்பான். அங்கே திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் பென்ஷிகளுக்கு இருந்த செல்வாக்கால் 1930களிலும் மௌனப்படங்கள் வந்துகொண்டிருந்தன. இயக்குநர் ஓசுவின் முதல் முழுநீளப் பேசும்படமே 1936இல்தான். அதற்கு முந்தைய அவர் படங்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன்.