முட்டத்தில் இருந்தபடி ஒரு குவாசார் ஜெட்டை அளந்த கதை

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு 3சி 273 என்ற குவாசாரை, அதாவது தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் மிகப் பிரகாசமான மையத்தை, எடுத்தேன். அதன் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளையின் அருகிலிருந்து பீறிட்டு வரும் ஜெட்டின், அதாவது துகள் தாரையின், வேகத்தை அளக்க வேண்டும். அமெரிக்காவின் வி.எல்.பி.ஏ. ரேடியோ ஆன்டெனாக்கள் 10-உம் சேர்ந்து எடுத்த தரவை இத்தகைய ஜெட்டுகளைக் கண்காணிக்கும் மொஜாவே ஆய்வுக் குழு இலவசமாகத் தருகிறது. குமரிக் கடலோர ஊரான முட்டத்தில் எங்கள் வீட்டு லேப்டாப்பே போதுமானதாக இருந்தது.

கஷ்டம் அப்புறம்தான். ஜெட்டில் பிரகாசமான முடிச்சுகள் தெரியும். மாத இடைவெளிகளில் எடுத்த படங்களில் அவை மையத்தைவிட்டு எவ்வளவு விலகின என்று பார்க்க வேண்டும். அளவு மில்லிஆர்க்செகண்ட் கணக்கில், அதாவது ஒரு டிகிரியை 36 லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. நிலாவில் ஓர் ஆள் நின்றால் இங்கிருந்து அவ்வளவுதான் தெரிவார். முந்தைய படத்தில் பார்த்த முடிச்சுதானா இது? இந்தக் கேள்வியிலேயே இரண்டு மாதம் போனது. ஆண்டுக்கு ஒரு படம் போதும் என்று நான் நினைத்தது தப்பு. இடையில் உள்ள படங்களையும் சேர்த்த பிறகே ஒவ்வொரு முடிச்சின் பாதையும் பிடிபட்டது. செய்ய நினைப்பவர்கள் முதலிலேயே நெருக்கமான தேதிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தவறை கைடு மேடம் கண்டுபிடித்தார். பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீள்கிறது என்பதைச் சொல்லும் செம்பெயர்ச்சி இதற்கு 0.158 என்பதால் நமக்கு ஓர் ஆண்டாகத் தெரிவது அங்கே பத்தரை மாதம்கூட இல்லை. அதைத் திருத்தியதும் வேகம் ஒளியைப்போல் சுமார் 10 மடங்கு என்று வந்தது.

"ஒளிய விட வேகமா எதும் போவுமா மக்கா?" என்றார் அப்பா. போகாது, அப்படித் தோன்றும். இதை வானியலாளர் மார்ட்டின் ரீஸ் 1966-லேயே கணித்துவிட்டார். அப்பாவுக்கு வள்ளத்தை வைத்துச் சொன்னேன். கரையை நோக்கி வரும் வள்ளத்தில் நிமிடத்துக்கொரு வெடி போடுகிறார்கள். ஒவ்வொரு வெடியும் இன்னும் பக்கத்தில் வெடிப்பதால் சத்தம் சீக்கிரம் வந்து சேரும். வள்ளம் சத்தத்தின் வேகத்தையே நெருங்கினால் வெடிகள் ஒன்றையொன்று ஒட்டிக் கேட்கும். அது கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்திருந்தாலும் நொடியில் நகர்ந்ததாகத் தோன்றும். ஜெட்டும் அப்படியே. ஒளிவேகத்தில் 99 சதவீதத்தில், நம் பார்வைக் கோட்டுக்கு 10 டிகிரி சாய்வில் வந்தால் கிட்டத்தட்ட 7 மடங்கு வேகமாகத் தெரியும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ கடலுக்குள்ள போற வள்ளம்?" என்று கேட்டார்.

எதிர்த்திசையில் போகும் ஜெட்டைத்தான் கேட்டார். நம்மைவிட்டு விலகிப் போவதால் அதன் ஒளி அவ்வளவு மங்கிவிடுகிறது. நான் பார்த்த எந்தப் படத்திலும் அது இல்லை.