இடப்பக்கமே போன பன்னிரண்டு அம்புகள்

சீடர் (cedar) மரத்தில் செய்த பன்னிரண்டு ஷாஃப்டில், அதாவது அம்புத்தண்டில், எட்டு இப்போது ஒழுங்காகப் போகிறது. 18 மீட்டரில் நடுவட்டத்துக்கு ஒரு சாண் இடப்பக்கம் விடாமல் குத்திக்கொண்டிருந்த அதே அம்புகள்தான். ஒன்று உடைந்தது, மூன்று இன்னும் பாக்கி. இத்தனை நாளும் பழி முழுக்க நாணை விடும் விரல்கள்மேல். பாவம், விரல்கள் மேல் தப்பே இல்லை.

வில்: 72 அங்குல ஆங்கிலேய லாங்போ (நீண்ட மரவில்), டி வடிவக் குறுக்குவெட்டு, முதுகு (இலக்கைப் பார்க்கும் பக்கம்) ஹிக்கரி மரம், நாணை 28 அங்குலம் இழுத்தால் 40 பவுண்டு விசை. அம்பு உட்கார ஷெல்ஃப் என்ற திட்டு கிடையாது, வில்லைப் பிடித்த கையின் முட்டிமேல்தான் உட்காரும். வலது கைப் பழக்கம். கீழே வரும் இடது, வலது எல்லாம் அந்தக் கணக்கில். இடது கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளவும்.

முனைகள் முன்பக்கம் வளைந்த ரீகர்வ் வில்லிலிருந்து லாங்போ பக்கம் வருபவர்கள் முதல் வாரமே மயங்கிப்போகிறார்கள். குறிபார்க்கும் சைட் இல்லை, ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசர் இல்லை, ஒரு குச்சியும் ஒரு கயிறும். இரண்டாவது வாரம் அம்பு இடப்பக்கம் போகத் தொடங்கும். உடனே குறிபார்ப்பதை வலப்பக்கம் தள்ளுவார்கள். அங்கேதான் கெடுகிறது, பழக்கமாகிவிட்டால் அப்புறம் கழற்றவே முடியாது.

ரீகர்வில் அம்பு போக நடுவில் வெட்டு இருக்கிறது. லாங்போவில் அம்பு வில்லைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். இந்த வில்லின் பிடி 32 மிமீ அகலம். பாதி 16, ஷாஃப்டின் பாதி 4, ஆக அம்பின் மையம் நாணின் கோட்டிலிருந்து 20 மிமீ விலகி நிற்கிறது. முழு இழுப்பில் இது சுமார் 1.6 பாகை. நாண் திரும்பி வந்து பிரேஸ் உயரத்தில் (இழுக்காதபோது வில்லுக்கும் நாணுக்கும் உள்ள தூரம்), அதாவது 165 மிமீ-இல் நிற்கும்போது அதே 20 மிமீ கிட்டத்தட்ட 7 பாகை. நாண் நேராக வருகிறது. அம்பின் வாலோ வில்லின் பக்கவாட்டில் மோதத்தான் வழி. மோதாமல் போவதற்கு ஒரே காரணம், அம்பு பாம்புபோல் வளைந்து நழுவுவது. வளைவு குறைந்தால் இடப்பக்கம், கூடினால் வலப்பக்கம். அந்த வளைவைச் சொல்லும் எண்தான் ஸ்பைன்; பவுண்டில் சொல்வார்கள், எண் கூடினால் விறைப்பு கூடுதல்.

தப்பு எங்கே நடந்தது என்றால், ஷாஃப்டை ஆர்டர் செய்யும்போது பார்த்த அட்டவணை நடுவெட்டு ரீகர்வுக்கானது. அதில் 40 பவுண்டு வில்லுக்கு 45–50 ஸ்பைன் என்றிருந்தது. நடுவெட்டு இல்லாத லாங்போவுக்கு வில்லின் எடையிலிருந்து (அதாவது இழுவிசையிலிருந்து) 5 வரை குறைத்துத் தொடங்கவேண்டும், 35–40. அதுவும் பெட்டியில் எழுதியிருக்கும் எடையிலிருந்து இல்லை, உங்கள் கை உண்மையில் இழுக்கும் எடையிலிருந்து.

இதை அளக்க, ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் டிஜிட்டல் கைத்தராசு போதும். நீளமான ஒரு ஷாஃப்டில் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, நீங்கள் இழுத்து நிறுத்தும்போது வில்லின் முதுகுப் பக்கம் எந்தக் கோடு நிற்கிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லவும். புதியவர்கள் பெரும்பாலும் 28 இழுப்பதே இல்லை. 26, 27-இல் நின்றுவிடும். அந்தக் கோடு வரை தராசின் கொக்கியால் நாணை இழுத்துப் பார்த்தால் இந்த வில் 27 அங்குலத்தில் 17 கிலோ காட்டியது, அதாவது 37.5 பவுண்டு. அங்குலத்துக்கு இரண்டரைப் பவுண்டு போச்சு. மாலை நேரத்தில் கை சோர்ந்து இழுப்பு குறையக் குறைய அம்பு மேலும் இடப்பக்கம் ஒதுங்குவதும் இதனால்தான்: உந்தும் விசை குறைந்தால் அதே ஷாஃப்ட் விறைப்பாக நடந்துகொள்ளும்.

இனி ஸ்பைனை அளக்கும் அளவுமேடை. இதில்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும்.

முறை பழையது, எளியது. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள், நடுவில் 2 பவுண்டு எடை, எவ்வளவு தொய்கிறது என்று பார். 26-ஐ அங்குலத் தொய்வால் வகுத்தால் ஸ்பைன். மில்லிமீட்டரில் இன்னும் சுலபம்: 660-ஐத் தொய்வால் வகுத்தால் பவுண்டு வந்துவிடும். 16.5 மிமீ தொய்ந்தால் 40. 13.2 தொய்ந்தால் 50.

75 செமீ பலகை, அதில் இரண்டு கட்டை, ஒவ்வொன்றின் தலையிலும் ஸ்கேட்டிங் சக்கரத்தின் பழைய பேரிங் இரண்டு. முதலில் கட்டையில் V வெட்டி ஷாஃப்டை வைத்ததில் ஒரே ஷாஃப்ட் மூன்று தடவைக்கு மூன்று எண் காட்டியது. பள்ளம் ஷாஃப்டைக் கவ்விக்கொள்கிறது, நழுவ விடுவதில்லை. பேரிங் போட்டதும் நின்றது. இடைவெளியை மிமீ சுத்தமாக வைக்கவும். தொய்வு நீளத்தின் மும்மடிக்குப் போகும், 5 மிமீ பிசகினால் ஏறத்தாழ 1 பவுண்டு பொய். எடைக்கு இரும்பு தேடி அலைய வேண்டாம்: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கொக்கி, கயிறு எல்லாம் சேர்த்துச் சமையல் தராசில் 907 கிராம் வரும்வரை தண்ணீர் விட்டால் ஆயிற்று. 50 கிராம் தவறினால் 2 பவுண்டுக்கு மேல் தப்பு வரும்.

ஷாஃப்டைப் போட்டதும் விரலால் ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டு, பிறகு காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியின் ஆழக்கம்பியால் பூஜ்யம் எடுக்கவும். பிறகு பாட்டிலை மாட்டவும். ஆடி நிற்கும்வரை பொறுக்கவும்.

எந்தப் பக்கத்தை மேலே வைப்பது என்பதுதான் பலர் தவறும் இடம். ஷாஃப்டை உருட்டினால் இரண்டு பக்கங்களில் மெல்லிய இணைகோடுகள் தெரியும், மற்ற இரண்டில் அகலமான ஓடவடிவங்கள். கோடுகள் தெரியும் பக்கம்தான் விறைப்பு. அம்பைப் பூட்டும்போது அதுதான் வில்லை ஒட்டி வரவேண்டும், ஆகவே அளக்கும்போது அதுவே மேலே. நாக் (nock), அதாவது நாண் மாட்டும் வால்துண்டு, அதன் பிளவு இந்தக் கோடுகளுக்குக் குறுக்கே வருமாறு ஒட்டவேண்டும், கோடுகளோடு சேர்ந்து வந்தால் நாணே ஆப்புபோல் ஷாஃப்டைப் பிளந்துவிடும். ஓடவடிவப் பக்கத்தை மேலே வைத்து அளந்தபோது 3, 4 பவுண்டு குறைவாகக் காட்டியது; அந்த எண்ணை நம்பி “பரவாயில்லையே” என்று விட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும், அம்பு இடப்பக்கமே போய்க்கொண்டிருக்கும்.

சரியான பக்கத்தில் வந்த எண்கள்: 44 ஒன்று, 46 இரண்டு, 47 மூன்று, 48 மூன்று, 51 மூன்று. பெட்டியில் 45–50 என்று எழுதியிருந்தது. விற்றவரைக் குறைசொல்ல முடியாது, ஒரு டஜனில் நாலு வெளியே நிற்பது மரத்தில் சகஜம். டஜன் வேண்டுமென்றால் பதினைந்து வாங்கவும், எடை வித்தியாசமும் 10 கிரெய்னுக்குள் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) பொறுக்கித் தரச்சொல்லிக் கேட்கவும்.

போர்ட் ஆர்ஃபர்ட் சீடர் விலையைப் பற்றி ஒரு புலம்பல் இங்கேயே. இந்த மரம் இயற்கையாக வளர்வது ஒரேகானின் தென்மேற்கிலும் கலிஃபோர்னியாவின் வடக்கிலும் மட்டும்தான். வேரழுகல் நோய் வந்து மரங்கள் சாகின்றன. உடைத்தால் வரும் அந்த மிளகு கலந்த வாசனைக்காகவே வாங்குபவர்கள் உண்டு. பழகுபவர்களுக்கு ஸ்ப்ரூஸ் போதும், பைனும் போதும். டக்ளஸ் ஃபர் கனம், ஆஷ் இன்னும் கனம்.

அளந்தாயிற்று. ஷாஃப்டை இளக்க மூன்று வழி. ஒரு அங்குலம் நீளமாக விட்டால் சுமார் 5 பவுண்டு இளகும். முனையில் 25 கிரெய்ன் கூட்டினாலும் ஏறக்குறைய அதே அளவு. மூன்றாவது, தேய்ப்பது. விறைப்பு விட்டத்தின் நான்மடிக்குப் போவதால் கொஞ்சம் தேய்த்தாலே நிறைய இறங்கும். 11/32 அங்குல ஷாஃப்ட், அதாவது 8.73 மிமீ. 48-ஐ 40 ஆக்க 8.34 மிமீ போதும். மொத்தமே 0.4 மிமீ! ஐந்து நிமிடம் அசந்தால் தாண்டிவிடும்.

ஷாஃப்டின் ஒரு முனையை டிரில்லில் மாட்டி, 120 உப்புத்தாளை மடித்துக் கையில் பிடித்து, முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் ஓட்டவும். ஒரே இடத்தில் நின்றால் அங்கே இடுப்பு விழும், பின்னால் அங்கேதான் முறியும். பத்து ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி மூன்று இடத்தில் காலிப்பர் வைக்கவும்; இரண்டு முறைக்கு ஒருமுறை அளவுமேடைக்கு. உள்ளங்கையில் சூடு தெரிந்தால் நிறுத்தவும். இலக்குக்கு 1 பவுண்டு மேலே இருக்கும்போதே 220 தாளுக்கு மாறவும், அதுவும் கொஞ்சம் தின்னும். முனை ஏறும் பக்கத்தில் 2 அங்குலத்தைத் தொடவேண்டாம். அதையும் தேய்த்தால் 11/32 முனையின் விளிம்பு சட்டைக் கழுத்துபோல் துருத்திக்கொண்டு, இலக்கிலிருந்து பிடுங்கும்போது முனை மட்டும் உள்ளே தங்கிவிடும். வால் பக்கம் இன்னும் சற்று மெலிந்தால் நல்லதே, வில்லைத் தாண்டும்போது விலகிப் போகும். அதனால் நாக் 5/16 அளவில் போட்டாயிற்று.

ஒன்பதை இப்படித் தேய்த்ததில் எட்டு 38-க்கும் 40-க்கும் நடுவில் வந்து நின்றன. 44-ஆக இருந்த ஒன்று 36-க்கு இறங்கிவிட்டது. அசதிதான் காரணம்.

அந்த 36-தான் இறகில்லாச் சோதனைக்குப் பலியானது. 12 மீட்டரில் இறகுள்ளது மூன்று, இறகில்லாதது ஒன்று. இறகில்லாதது இடப்பக்கம் குத்தினால் விறைப்பு, வலப்பக்கம் என்றால் இளக்கம். இதற்கு முன்னால் நாணின் நாக் புள்ளியை (நாணில் நாக் மாட்டும் இடம்) சரிசெய்யாமல் இறங்கவே கூடாது. கைமுட்டிமேல் வைத்து எய்யும்போது புள்ளி தாழ்வாக இருந்தால் ஷாஃப்ட் கையில் பட்டு எம்பி, வால் தூக்கிக்கொண்டு போகும். பார்ப்பவருக்குப் புள்ளி உயரம்போலத் தெரியும், இறக்குவார், இன்னும் மோசமாகும். ஆகவே அம்பு நாணுக்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டுக்கு 5/8 அங்குலம் மேலே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கவும். இங்கே 7/16-இல் அடங்கியது.

விறைப்பிலும் இதேபோல் ஒரு பொய் உண்டு. ரொம்ப விறைப்பான அம்பு வில்லில் மோதி வலப்பக்கம் தெறிக்கும், இளக்கம் என்று நினைத்து விறைப்பைக் கூட்டத் தோன்றும். காதைத் தீட்டவும்: விட்டவுடன் “டக்” என்று மரத்தில் மரம் தட்டினால் அது மோதல். நம்பிக்கை வரவில்லையென்றால் வில்லின் இடப்பக்கம் முகப்பவுடரைப் பூசி எய்து பார்க்கவும். தேய்த்த அம்புகள் பவுடரில் கைக்கு மேலே ஒரு சின்னக் கீறலோடு போகின்றன. தேய்க்காத 51 ஒன்று, கீறலுக்கு மேல் கட்டைவிரல் அகலத்துக்குப் பவுடரையே வழித்துக்கொண்டு போனது. இறகு மோதிய இடம் அது.

ஒரு தடவையில் முடிவுக்கு வரவேண்டாம், இறகில்லாத அம்பு விரல் பிசகை எல்லாம் பெரிதாக்கிக் காட்டும். ஐந்து தடவையாவது ஒரே பக்கம் போகிறதா பாருங்கள். இலக்கு மெத்தையான நுரையாக இருக்கட்டும். சாய்ந்து குத்தும் மர ஷாஃப்டுக்கு வைக்கோல் பலகை எமன். நான்காவது எய்தலில் நமது 36 முனையிலிருந்து நாலு விரல் தள்ளி முறிந்தது. பொதுவாகவே ஒவ்வொரு முறை எய்யும் முன் மர அம்பை இரண்டு கையாலும் லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேட்கவும். “சொட்” என்ற சத்தம் வந்தால் குப்பைக்கு.

இறகு பற்றிச் சொல்ல அதிகமில்லை. 4 அங்குல வான்கோழி இறகு, ஒரு டஜனுக்கும் ஒரே சிறகு, இடது என்றால் எல்லாம் இடது. ஷெல்ஃப் இல்லாத வில்லில் இறகுத்தண்டின் முன்நுனி கையைத்தான் கிழிக்கும். நுனியைச் சீவி, பட்டு நூலால் பத்துச் சுற்று, மேலே ஒரு சொட்டு பசை. முடித்த அம்பு ஒன்று 125 கிரெய்ன் முனையோடு சுமார் 430 கிரெய்ன். பவுண்டுக்கு 10 கிரெய்ன் என்ற கணக்குக்கு 375 போதும், வில்லுக்கு நிம்மதி.

பட்டு நூல் என்றதும் மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் நினைவுக்கு வருகிறது. 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட அந்தக் கப்பலில் 3,500-க்கும் மேல் அம்புகள் கிடைத்தன, பெரும்பாலானவை பாப்ளர் மரம். நாக் தனியாகக் கிடையாது, ஷாஃப்டிலேயே பிளவு, அதற்குக் குறுக்கே கொம்புச் சீவல் செருகி பலப்படுத்தியிருக்கிறார்கள். அடுத்த டஜன் பாப்ளரில், கொம்புச் சீவலோடு. அந்த வில்களின் இழுவிசையை 100 முதல் 185 பவுண்டு வரை கணிக்கிறார்கள், அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பாப்ளர் ஷாஃப்டுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, இந்தத் தடவை 35–40. கொம்பு அறுக்க மெல்லிய ரம்பம்தான் இன்னும் கையில் இல்லை. அதற்குள் புது நாணும் ஒன்று திரிக்கவேண்டும்: பி-50 டேக்ரான் என்ற செயற்கை நூல், 12 இழை, கீழ்முனைக்கு வழக்கமான கட்டுமுடிச்சு.

பாக்கி மூன்றும் 51. அவற்றைத் தேய்த்து 40-க்குக் கொண்டுவர அரை மிமீ போகவேண்டும், நீண்ட கோடுகள் ஓரிடத்தில் பக்கவாட்டில் வெளியேறும் ஷாஃப்டுகள் அவை, மெலிந்தால் நம்பமுடியாது. அதனால் மற்றவற்றைவிட ஒரு அங்குலம் கூடுதலாக 30 அங்குலம் விட்டு வெட்டி, 160 கிரெய்ன் முனை. கணக்குப்படி 40-ஐ ஒட்டி வரும். எடை கூடி 20 மீட்டரில் மற்றவற்றுக்குக் கீழே குத்தும், தனி நிற இறகு போட்டு வைத்தாயிற்று. நாக் பசை நாளைக்குத்தான் காயும்.