மெக்கானிக்கல் அம்பு முனை: எல்க் வேட்டையில் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

மெக்கானிக்கல் பிராட்ஹெட்டை, அதாவது மிருகத்தில் பட்டதும் பிளேடு விரியும் வேட்டை முனையை, அம்பில் திருகி காம்பவுண்ட் வில்லில் (கப்பி வைத்த நவீன வில்) எய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: பிளேடு இல்லாத பயிற்சி முனை தைத்த இடத்திலேயே இதுவும் தைக்கிறது. உண்மைதான். பறக்கும்போது பிளேடுகள் மடங்கி உடலோடு ஒட்டியிருப்பதால் காற்றுக்குப் பிடி கிடைப்பதில்லை. பிளேடு விரிந்தபடியே இருக்கும் ஃபிக்ஸட் முனை அப்படியல்ல. அதன் மூன்று பிளேடுகளும் அம்பின் முன்பக்கம் சிறகு கட்டியது மாதிரி. பின்னால் உள்ள இறகு அம்பை நேராக்கப் பார்க்கும், முன்னால் உள்ள பிளேடு திருப்பப் பார்க்கும். வேகம் நொடிக்கு 280 அடியைத் தாண்டினால் இந்த இழுபறி இன்னும் கூடும்.

இந்த நல்ல குணத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. அம்பு நேராகப் பறக்கும்படி சரியாக டியூன் செய்யாத வில்லின் குறையை மெக்கானிக்கல் முனை மூடி மறைத்துவிடும். கோணலாகப் பறக்கும் அம்புகூட ஃபோம் இலக்கில் நடுவில் போய்த் தைக்கும். அதே அம்பு 300 கிலோ எடையுள்ள ஆண் எல்க்கின் (வட அமெரிக்காவின் பெரிய மான் இனம்) விலாவில் மோதும்போது தண்டு பக்கவாட்டில் வளைகிறது, உந்துவிசை அந்த வளைவில் வீணாகிறது, அம்பு ஒரு சாண் போய் நின்றுவிடுகிறது. பிளேடைத் திறக்கவே கொஞ்சம் ஆற்றலைச் செலவழிக்கும் முனைக்கு இது இரட்டை நஷ்டம். மெக்கானிக்கல் முனை தோற்றுவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பகுதியை இங்கிருந்துதான் அலச வேண்டும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே பேசுவது அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் வாங்கிச் செய்யும் வில் வேட்டையைப் பற்றி. கொலராடோ, மான்டனா மலைகளில் செப்டம்பரில் எல்க், கிழக்கு மாநிலக் காடுகளில் இலையுதிர் காலத்தில் வெண்வால் மான்.

முதலில் கணக்கு. அம்பின் எடையை கிரெயினிலும் (அம்பை நிறுக்கும் சிறு எடை அலகு) வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடை × வேகம் × வேகம் ÷ 450240 என்று போட்டால் ஆற்றல் ஃபுட்-பவுண்டில் வரும். எடை × வேகம் ÷ 225400 என்றால் உந்தம். 70 பவுண்டு இழுவிசை வில்லிலிருந்து 450 கிரெயின் அம்பு 275 அடி வேகத்தில் போனால் ஆற்றல் சுமார் 76, உந்தம் 0.55. 45 பவுண்டு வில், 26 அங்குல இழுப்பு, 380 கிரெயின் அம்பு 215 அடி வேகம் என்றால் ஆற்றல் 39, உந்தம் 0.36. அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் பழைய அட்டவணை மானுக்கு 25 முதல் 41, எல்க், கருங்கரடி, காட்டுப்பன்றிக்கு 42 முதல் 65 என்று சொல்கிறது. அந்த அட்டவணை முனையின் வகையைப் பார்ப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. என் அளவுகோல் இது: எல்க்குக்கு 2 அங்குலம் அகலமாக வெட்டும் மெக்கானிக்கல் வேண்டுமென்றால் மிருகத்தைத் தொடும் இடத்தில் 65க்குக் குறையாத ஆற்றல் இருக்க வேண்டும். 50க்குக் கீழே இருப்பவர்கள் ஃபிக்ஸட் முனைக்குப் போய்விடுவது நல்லது. இழுப்பு நீளம் குறைவான பெண்களும் இளைஞர்களும் மானுக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆற்றல் பற்றவில்லை என்றால் பலரும் வேகத்தைக் கூட்டப் பார்ப்பார்கள். எடையைக் கூட்டுவதுதான் சரி. அதே 70 பவுண்டு வில்லில் அம்பை 550 கிரெயினாக ஏற்றினால் வேகம் 250 அடி அளவுக்கு இறங்கும், ஆற்றல் ஏறக்குறைய அப்படியே இருக்கும், உந்தம் 0.61 ஆகும். எலும்பில் மோதிய பிறகும் அம்பை முன்னே தள்ளுவது அந்த உந்தம்தான். ஆப்பிரிக்காவில் பெரிய மிருகங்களின் மேல் அம்பு ஊடுருவலை ஆராய்ந்த டாக்டர் எட் ஆஷ்பி, கனத்த எலும்பை உடைக்க 650 கிரெயின் வேண்டும் என்றார். எல்க்குக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து, ஆனால் திசை சரியானது.

மெக்கானிக்கல் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொறிகள் இருக்கின்றன. பழைய வகையில் பிளேடின் நுனி முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். தோலில் மாட்டியதும் குடை பின்பக்கம் புரள்வது போல விரியும். என்ஏபி ஸ்பிட்ஃபயர், வாஸ்ப் ஜாக்ஹாமர் இந்த இனம். இவை முழுதாக விரிவதற்குள் கொஞ்ச தூரம் உள்ளே போய்விடும், அதனால் நுழைந்த துளை சிறிதாகவும் வெளியேறிய துளை பெரிதாகவும் இருக்கும். சாய்வான கோணத்தில் அடித்தால் ஒரு பக்கத்து பிளேடு மட்டும் முதலில் மாட்டி அம்பை ஒதுக்கிவிடும் ஆபத்து இவற்றில் அதிகம். ரேஜ் நிறுவனம் பிரபலமாக்கிய வகை வேறு. பிளேடு பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே வெளியே விரியும், தோலைத் தொட்ட இடத்திலேயே அகலமாக வெட்டும். செவர் முனைகளில் இதன் மேல் இன்னொரு ஏற்பாடு உண்டு: விரிந்த பிளேடு இடமும் வலமும் ஊசலாடி எலும்பைச் சுற்றிக்கொண்டு போகும். எல்க்குக்கு மெக்கானிக்கல் என்று முடிவு செய்துவிட்டால் ரேஜ் மாதிரி பின்னோக்கிச் சறுக்கி விரியும் வகையையே எடுங்கள். வெட்டு அகலம் 1.5 அல்லது 1.75 அங்குலம் போதும். 2 அங்குலத்துக்கு மேல் போகும் முனைகளை மானோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் அகலத்தை வைத்து மட்டும் ஒப்பிடாதீர்கள். இரண்டு பிளேடு கொண்ட 2 அங்குல மெக்கானிக்கல் வெட்டுவது மொத்தம் 2 அங்குல நீளம். மூன்று பிளேடு கொண்ட 1⅛ அங்குல ஃபிக்ஸட் முனை ஒவ்வொரு பிளேடாலும் 9⁄16 அங்குலம் வெட்டும், மூன்றும் சேர்ந்து கிட்டத்தட்ட 1.7 அங்குலம். வித்தியாசம் விளம்பரம் காட்டுகிற அளவுக்கு இல்லை. தவிர, இரண்டு பிளேடு போட்ட கீறல் ஒற்றைக் கோடு, இழுபட்ட தோல் அதை மூடிக்கொள்ளும். மூன்று பிளேடு போட்ட துளை அவ்வளவு எளிதில் மூடாது.

மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து எய்பவர்களுக்கு வெளியேறும் துளை இன்னும் முக்கியம். ஆறு மீட்டர் உயரத்திலிருந்து எய்தால் அம்பு விலாவின் மேல்பகுதியில் நுழைகிறது. மறுபக்கம் தாழ்வாக ஒரு துளை விழுந்தால்தான் இரத்தம் தரையில் சொட்டும். அது இல்லாவிட்டால் மார்புக்கூடு நிரம்பி மேல்துளை வரை ஏறிய பிறகே வெளியே வரும், அதற்குள் மிருகம் நூறு கெஜம் ஓடியிருக்கும். நுழைவாயில் எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஊடுருவிப் போகாத அம்பு தேடுபவரைத் தவிக்க வைக்கும்.

மெக்கானிக்கலுக்குச் சாதகமான சான்றையும் சொல்லியாக வேண்டும். மேரிலாந்தில் இந்தியன் ஹெட் கடற்படைத் தளத்தில் நடந்த கட்டுப்பாட்டு வேட்டையின் பல ஆண்டுப் பதிவுகளில், ஃபிக்ஸட் முனையால் அடிபட்ட மான்களில் சுமார் 82 சதவீதமும் மெக்கானிக்கலால் அடிபட்டவற்றில் சுமார் 91 சதவீதமும் கண்டெடுக்கப்பட்டன. அகலமான வெட்டு, கல்லீரலிலோ நுரையீரலின் ஓரத்திலோ விழுந்த அடியையும் காப்பாற்றிவிடுகிறது என்பதே எனக்குத் தெரிந்த காரணம். ஆனால் அவை எல்லாம் வெண்வால் மான்கள். எல்க்கின் தோலும் விலாவும் தோள்பட்டையும் வேறு கதை. அந்த எண்ணை அப்படியே மலைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சரி, டியூனிங். இதில் குறுக்கு வழி வேண்டாம். மெக்கானிக்கல்தான் எய்யப் போகிறீர்கள் என்றாலும் ஒரு ஃபிக்ஸட் முனையை வைத்தே வில்லைச் சோதியுங்கள், குறையைக் காட்டிக்கொடுப்பது அதுதான். முதலில் ஆறடி தூரத்தில் காகிதத்தைக் கட்டி எய்து, கிழிசல் ஒரே துளையாக வரும்வரை ரெஸ்ட்டையும் (வில்லில் அம்பைத் தாங்கும் பாகம்) நாக் உயரத்தையும் (நாணில் அம்பின் அடி மாட்டும் இடம்) சரிசெய்யுங்கள். பிறகு 20 கெஜத்தில் பயிற்சி முனையும் அதே எடை ஃபிக்ஸட் முனையும் மாறி மாறி மூன்று மூன்று அம்புகள். ஃபிக்ஸட் முனை எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கம் ரெஸ்ட்டை நகர்த்த வேண்டும். இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம், கீழே விழுந்தால் மேலே. ஒரு தடவைக்கு 1⁄32 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு குழுவும் ஒன்றாகும்வரை செய்துவிட்டு 30, 40 கெஜத்துக்குப் போங்கள். எவ்வளவு நகர்த்தியும் சேரவில்லை என்றால் தண்டின் விறைப்பு வில்லுக்குப் பொருந்தவில்லை, அல்லது கையே வில்லின் பிடியை முறுக்குகிறது. இத்தனையும் முடிந்த பிறகு மெக்கானிக்கலைத் திருகினால் அம்பு நேராகப் பறக்கிறது என்ற நிச்சயத்தோடு எய்யலாம்.

முனையைத் தயார் செய்வதில் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். திருகியதும் அம்பை உருளை ஸ்டாண்டில் வைத்துச் சுழற்றுங்கள். நுனி தள்ளாடினால் தண்டுக்குள் முனையைத் திருகும் இன்செர்ட்டோ முனையின் உடலோ கோணல், அந்த அம்பு பயிற்சிக்கு மட்டும். பிளேடுகளை மடக்கிப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காலர் ஒரே தடவைக்கு உரியது. அம்புக் கூட்டிலிருந்து உருவும்போது ஒரு பிளேடு லேசாக விரிந்து மறுபடி மடக்கப்பட்டிருந்தாலும் காலரை மாற்றிவிடுங்கள், பிடிமானம் போயிருக்கும். கடுங்குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும், சில முனைகளில் காலருக்குப் பதில் வரும் ரப்பர் வளையம் வெயிலில் நிற்கும் காருக்குள் காய்ந்து வெடிக்கும். விரலால் மெதுவாகத் தள்ளிப் பார்க்கும்போது எல்லா பிளேடுகளும் ஒரே மாதிரி எதிர்க்க வேண்டும். ஒன்று தளர்ந்து ஒன்று இறுகியிருந்தால் முன்னே பின்னே விரிந்து அம்பை ஒரு பக்கம் இழுக்கும். கிராஸ்போவின் (விசையை அழுத்தி எய்யும் குறுக்கு வில்) வேகத்தில் சாதாரணப் பிடிமானம் பறக்கும்போதே விட்டுவிடலாம், அதற்கென்று தனி முனைகள் விற்கிறார்கள்.

கூட்டின் மூடிக்குள் இருக்கும் ஃபோம் பிளேடை மழுக்கும், விரிக்கவும் செய்யும். மெக்கானிக்கலுக்கென்று ரப்பர் பள்ளம் வைத்த மூடி கிடைக்கிறது. கூர்மையைப் பார்க்க இழுத்துப் பிடித்த ரப்பர் வளையத்தை பிளேடின் மேல் லேசாக வையுங்கள். அழுத்தாமலே அறுபட வேண்டும். புதுப் பெட்டியிலிருந்து எடுத்த பிளேடும் இதில் தோற்பதுண்டு.

கோணத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மிருகம் பக்கவாட்டிலோ, சற்றே நம்மைவிட்டு விலகிய நிலையிலோ நின்றால் மட்டும் எய்ய வேண்டும். நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்கும் எல்க்கின் தோள்பட்டை எலும்பும் அதன் நடு வரப்பும், அரை மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட தடிமன் உள்ள மெக்கானிக்கல் பிளேடை வளைத்துவிடும். விலகிய கோணத்திலும் அதிகம் சாய்ந்திருந்தால் காத்திருப்பதே சரி.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கொலராடோவில் குறைந்தது 35 பவுண்டு இழுவிசையும் 7⁄8 அங்குல முனை அகலமும் வேண்டும். ஐடஹோவும் ஓரிகானும் நீண்ட காலம் மெக்கானிக்கலுக்குத் தடை போட்டிருந்த மாநிலங்கள். உரிமம் வாங்கும்போது அந்த ஆண்டுக் கையேட்டைப் படித்துவிடுங்கள்.

எய்த பிறகு அம்பைத் தேடி எடுத்து இரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நிறமும் நுரையும் இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுங்கள். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், நான்கு மணி நேரமாவது. பச்சையும் நாற்றமும் இருந்தால் குடல், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. மிருகம் கிடைத்ததும் நுழைந்த துளையையும் வெளியேறிய துளையையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிளேடுகள் எல்லாம் விரிந்தனவா, எது வளைந்தது, காலர் எங்கே உடைந்தது என்று பாருங்கள். எலும்பைத் தொட்ட முனையின் உடல் கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் மறுபடி சுழற்றிப் பார்க்காமல் கூட்டில் வைக்காதீர்கள்.