கறுப்பு நூல் விழுங்கிய நீலம்

நிலாவெளிக் கடலின் நிறத்தை ஒரு கைப்பட்டியில் கொண்டுவரும் முயற்சி மூன்றாவது தடவையில் கைகூடிவிட்டது. கரையோரத்துப் பச்சை, அதற்கப்பால் இளநீலம், ஆழத்துக்குக் கருநீலம். எல்லாம் 11/0 என்ற சின்ன அளவுக் கண்ணாடி மணிகள். தட்டில் கொட்டியபோது கண்ணைப் பறித்தன. ஆனால் முதல் தடவை, பன்னிரண்டு மணி அகலத்தில் பெயோட் பின்னலாக (மணிகளின் இடைவெளியில் அடுத்த வரிசை மணியை ஊசியால் கோர்க்கும் முறை) இரண்டு அங்குலம் ஏறியதும் பார்க்கிறேன், கலங்கிய குளத்துத் தண்ணீர்!

மணிகளில்தான் பிழை என்று நினைத்து, இரண்டாம் தடவை இன்னும் வெளிர்ந்தவற்றை எடுத்தேன். அதே மந்தம். முழுவதையும் அவிழ்க்கும்போதுதான் கவனித்தேன்: ஊசியில் இருந்த மணி ஒளிர்ந்தது, பின்னலில் இருந்த மணி இருண்டு கிடந்தது. அழுக்குத் தெரியாது என்று நான் எப்போதும் எடுக்கும் கறுப்பு நைலோன் நூல்தான் காரணம். ஒளிபுகும் மணிக்குள் போகும் வெளிச்சத்தை உள்ளே ஓடும் நூல் விழுங்கிவிடுகிறது.

அன்று இரவே ஒரே இளநீல மணியில் ஐந்து சிறு துண்டுகள் பின்னினேன். மாறியது நூல் மட்டும். காலையில் ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். மஞ்சள் பல்பின் கீழ் நீலத்தைத் தீர்மானிக்கவே கூடாது. கறுப்பில் மணி செத்துக் கிடந்தது. சிவப்பில் அழுக்கு ஊதா. சாம்பலில் அமைதியான மழைக்கால நீலம். அதை வேறொன்றுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளையில் நல்ல பிரகாசம், ஆனால் கருநீல மணிகளுக்கிடையே நூல் பல்லிளித்தது. வெளிர்நீல நூலில்தான் மணிக்குள்ளிருந்தே நிறம் ஊறி வருவதுபோல் இருந்தது. ஓரத்துத் திருப்பங்களில் தெரியும் நூலுக்கு மட்டும் நீல மார்க்கரால் ஒரு தொடல் கொடுத்தேன்.

இன்னொரு சிக்கலைத் தொலைபேசி காட்டித்தந்தது. பின்னலைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தால் பச்சையும் இளநீலமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. நிறம் வேறாக இருந்தாலும் அடர்த்தி ஒன்றாக இருந்தால் எட்டி நின்று பார்க்கும்போது கலந்துவிடும். பச்சையை இரண்டு படி வெளிறச் செய்தேன்; எல்லை பளிச்சென்று பிரிந்தது. இப்போது நூல் கோர்க்கும் முன்பே மணிகளைத் தட்டில் அடுக்கி ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.

உள்ளே வெள்ளி பூசிய மணிகளுக்கு நூல் நிறம் அவ்வளவு முக்கியமில்லை, பூச்சு அதை மறைத்துவிடும். ஆனால் எங்கள் திருகோணமலை உப்புக்காற்றிலும் வியர்வையிலும் பூச்சு கறுத்துவிடும் என்று நினைத்து அவற்றைக் காதணிக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

மணி வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே தையல் கடைகளில் சரமாக விற்பவை சட்டை வேலைக்குப் போதும், பெயோட்டுக்கு அளவு ஒத்துவராது. அதனால் இரவு ரயிலேறிக் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போகிறேன். போன தடவை ஒரு கடையில் வாங்கிய கத்தரிப்பூ நிற மணிகளை நகப்பூச்சு அகற்றியில் போட்டால், பத்து நிமிடத்தில் நிறம் முழுவதும் கரைந்துவிட்டது. "நிறம் போகாது" என்று சத்தியம் செய்துதான் விற்றார்கள்! அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஊதாவும் இளஞ்சிவப்பும் பெரும்பாலும் மேலே சாயம் ஏற்றியவையாகவே வருகின்றன. பத்து மணியையாவது சோதிக்காமல் கோர்க்காதீர்கள்.

அடுத்த கைப்பட்டி, மாலை வெயிலில் எங்கள் ஊர்க் கடலோரத்துச் சுவாமி மலைப் பாறை. கபிலம், செம்மஞ்சள், கீழே ஒரு கோடு கருநீலம். வெளிர்மஞ்சள் மணிக்குள் சிவப்பு நூல் ஓட்டிப் பார்த்தேன், அப்படியே அந்தி நிறம். அக்கா மகள் அதைக் கண்டதும், "சின்னம்மா, இது எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள்.

கடல் பட்டிக்கு இன்னும் கொக்கி வைக்கவில்லை. வெள்ளி நிறக் கொக்கி கருநீல முனையில் உறுத்துகிறது; கருமை ஏறிய பித்தளையில் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.