ஹாட் லைன் பயிற்சிக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

பெங்களூரு என்.பி.டி.ஐ. (தேசிய மின் பயிற்சி நிறுவனம்) மையத்தில் ஹாட் லைன் பயிற்சிக்கு, அதாவது மின்சாரத்தை நிறுத்தாமலேயே லைனில் வேலை செய்யும் பயிற்சிக்கு, உங்கள் பெயர் போயிருந்தால், முதலில் இதைக் கேளுங்கள்: அங்கே தைரியத்துக்கு மார்க் கிடையாது. டவர் ஏறுவதில் சூரர்கள் திணறியதையும், நிதானமான ஆட்கள் சுலபமாகத் தேறியதையும் பார்த்திருக்கிறேன். எல்.சி. (லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வேலைக்குத் தரும் அனுமதி) வாங்கி, எர்த் போட்டு, அப்புறம் கை வைத்தே பழகியவர்கள் நாம். அங்கே லைன் சார்ஜில்தான் இருக்கும். பழைய பழக்கம் பாதி உதவும், பாதி இடைஞ்சல்.

தியரியில் கணக்கு குறைவு. 110 கே.வி. என்பது இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே; கண்டக்டருக்கும் டவருக்கும் இடையே ஏறக்குறைய 63.5 கே.வி. ஆனால் பாதுகாப்பு இடைவெளியை அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. ஸ்விட்சிங் நேரத்தில் கண நேரம் எகிறும் வோல்டேஜையும் அந்த இடைவெளி தாங்கவேண்டும். வேலைக்கு முன் சப்ஸ்டேஷனில் ஆட்டோ ரீக்ளோஸை ஏன் நிறுத்துகிறோம் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், "டிரிப் ஆன லைன் தானாகச் சார்ஜ் ஆகக்கூடாது" என்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அப்படிச் சார்ஜ் ஆகும்போது கண நேரம் எகிறும் வோல்டேஜ் (சர்ஜ்), இருக்கும் இடைவெளியைத் தாண்டிவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செய்முறையில் நேரம் செலவழிக்கவேண்டியது டிஸ்க் (கண்டக்டரைத் தாங்கும் இன்சுலேட்டர் தட்டு) மாற்றத்துக்கு. 110 கே.வி. லைனில் கண்டக்டர் தொங்கும் சஸ்பென்ஷன் ஸ்ட்ரிங்கில் (டிஸ்க் கோர்த்த சரம்) வழக்கமாக 7 டிஸ்க். எத்தனை டிஸ்க் பங்ச்சர் (காப்பு போனது) என்று டெஸ்ட் செய்து பார்க்காமல் ஸ்ட்ரிங்கைத் தொடவே கூடாது. அப்புறம் கண்டக்டரின் எடையை ஸ்டிக்குகளுக்கு (கரண்ட் கடத்தாத நீளக் கம்புகள்) மாற்றவேண்டும். எடை கொஞ்சம் ஏறியதும் நிறுத்தி, ஒவ்வொரு கிளாம்ப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முழு எடையையும் ஏற்றவேண்டும். பிறகு கண்டக்டர் பக்கத்துப் பின்னை ஸ்டிக்கால் உருவி, கண்டக்டரை விலக்கி நிறுத்தியபின்தான் கிராஸ் ஆர்ம் (டவரின் குறுக்குக் கை) பக்கம் கை போகவேண்டும். இந்த வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வரவேண்டும். கட்டளை கொடுப்பது ஒரே குரல். மேலே இருப்பவர் எவ்வளவு சீனியரானாலும் சரி, தானாக முடிவெடுத்தால் மார்க் போச்சு.

ஸ்டிக்கை வெறும் தரையில் வைக்காதீர்கள். தார்ப்பாய் அல்லது ஸ்டாண்டில்தான் வைக்கவேண்டும். அதன் மேல் தூசியும் ஈரமும் சேர்ந்தால் கரண்டுக்கு அதுவே பாதை. எடுக்கும்போதெல்லாம் துடைத்துவிட்டு எடுங்கள்.

பேர் ஹேண்ட் முறைக்கு (சார்ஜில் உள்ள கண்டக்டரை நேராகக் கையால் தொட்டு வேலை செய்வது) போகிறவர்களிடம் ஒரு கேள்வி: அதற்குப் போடும் சூட் கரண்டைத் தடுக்கிறதா? ஆமாம் என்றால் தவறு. உலோக இழை கலந்து நெய்த அந்தத் துணி கரண்டைக் கடத்தும். சூட்டைக் கண்டக்டரோடு பாண்ட் செய்ததும் (இணைத்ததும்) உடம்பு முழுக்க ஒரே வோல்டேஜ். வித்தியாசம் இல்லாததால் உடம்பு வழியாகக் கரண்ட் பாய வழியில்லை. காப்பு தருவது உங்களைத் தாங்கும் இன்சுலேட்டட் ஏணிதான். பாண்ட் செய்யும் நொடியில் பொறி பறக்கும். பதறிக் கையை இழுக்காதீர்கள்.

பல மாநில ஆட்கள் வருவதால் வகுப்பு ஆங்கிலமும் இந்தியுமாக ஓடும். கருவிகளின் பெயர்களையும் கயிற்று முடிச்சுகளையும் ஊரிலேயே பழகிக்கொண்டு போனால் முதல் வாரம் தடுமாற்றம் இருக்காது. பி.பி., கண் பரிசோதனையையும் இங்கேயே முடித்துவிடுங்கள்.