ஒரு ‘இல்’லும் மூன்று சொற்களும்

எங்கள் காலத்து ஆங்கில வகுப்பில் முன்னிடைச்சொல் (preposition) என்றால் கரும்பலகையில் முதலில் எழுவது ஒரு பெட்டி, ஒரு மேசை, ஒரு பஸ் தரிப்பு. பெட்டியில் பந்து, மேசையில் புத்தகம், தரிப்பில் ஆள். தமிழுக்கு மூன்றும் ‘இல்’தான். ஆங்கிலத்துக்கோ உள்ளே அடங்கினால் இன் (in), பரப்பைத் தொட்டால் ஒன் (on), வெறும் புள்ளியாக எண்ணினால் அற் (at). ஒன் என்றால் ‘மேலே’ என்று பாடமாக்கியவர்கள் சுவரில் தொங்கும் படத்திலும் கூரையின் அடிப்பக்கத்துப் பல்லியிலும் மாட்டுப்பட்டார்கள். இரண்டுக்குமே ஒன்தான், தொடுகிறதா என்பதே கேள்வி.

நன்னூல் ஏழாம் வேற்றுமைக்குக் ‘கண்’ தொடங்கி 28 உருபுகளை அடுக்குகிறது. பேச்சில் நாம் பெரும்பாலும் ‘இல்’லோடு காலத்தை ஓட்டுகிறோம். அந்தச் சிக்கனம் ஆங்கிலத்தில் செல்லாது.

நேரத்தில் மணிக்கு அற், நாளுக்கு ஒன், மாதத்துக்கும் ஆண்டுக்கும் இன். காலை என்றால் இன் த மோர்னிங். திங்கட்கிழமைக் காலை என்றால் ஒன் மண்டே மோர்னிங். கிழமை வந்து சேர்ந்ததும் அதன் சொல்லே வெல்லும். ‘ஐந்து மணிக்குள் முடி’ என்பதை விதின் ஃபைவ் ஓ குளொக் என்று எழுதுவது எங்கள் சொந்தப் பிழை. விதினுக்குப் பின்னால் இரண்டு மணித்தியாலம் போன்ற ஓர் அளவு வரவேண்டும். குறித்த நேரத்துக்குள் என்றால் பை (by), அதுவரை தொடர்வதென்றால் அன்ரில் (until).

சிவப்பு மை கூடுதலாகச் செலவானது வினைகளில். ஒன்றைப் ‘பற்றி’ ஆலோசிக்கிறோம், உடனே டிஸ்கஸ் அபவுட். வீட்டு‘க்கு’ப் போகிறோம், உடனே கோ ரு (to) ஹோம். இரண்டிலும் நடுச்சொல் வேண்டாம். மாறாக, பாட்‘டை’க் கேட்பதால் லிசின் த சோங் என்று எழுதி, வேண்டிய ரு-வை விழுங்கிவிடுவோம். நாய்‘க்கு’ப் பயப்படுகிறோம், ஆங்கிலத்தில் அது அஃப்ரெய்ட் ஒஃப். பிழை ஆங்கிலம் தெரியாததால் அல்ல, தமிழ் உருபு கூடவே ஏறிவந்ததால். அதற்குக் கொப்பியில் வெயிற் என்று தனியே எழுதாமல், வெயிற் ஃபோர் த பஸ் என்று சோடியாகவே எழுதவைத்தார்கள். பட்டியலைப் பாடமாக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

புலம்பெயர்ந்த பின் இன்னொரு குழப்பம். லண்டன்காரர் அற் த வீக்கெண்ட் என்பார், ரொறன்ரோவில் ஒன் த வீக்கெண்ட். இரண்டும் சரி, பிள்ளையைத் திருத்தப் போகவேண்டாம்.

ஒன்றுகூடல் அழைப்பிதழ் எழுதுவோருக்கு ஒன்று: லுக்கிங் ஃபோர்வேர்ட் ரு என்பதன் பின் மீற் யூ வராது, மீற்றிங் யூ. ஐயமிருந்தால் அந்த இடத்தில் த டின்னர் என்று போட்டுப் பாருங்கள். பெயர்ச்சொல் பொருந்துகிறதென்றால் அந்த ரு முன்னிடைச்சொல். வினை வந்தால் இங் வால் கட்டாயம்.