சூடானதும் நிற்கும் பழைய வண்டி: ஆறுவதற்குள் என்ன பார்க்க வேண்டும்?

காலையில் ஒரே உதையில் பிடித்துக்கொள்ளும். இருபது நிமிடம் ஒழுங்காக ஓடும். அப்புறம் லேசாகத் திணறும், சைலன்சரில் இரண்டு முறை 'பட் பட்' என்று அடித்து நின்றுவிடும். கால் வலிக்க உதைத்தாலும் அசையாது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஸ்டார்ட் ஆகும். பாயின்ட் (ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் உலோக முனைகள்), கண்டென்சர் (அதோடு இணைந்த சின்ன கப்பாசிட்டர்) வைத்த பழைய வண்டிகளில் அடிக்கடி வரும் கோளாறு இது. இதற்காக எல்லோரும் முதலில் கழற்றுவது கார்ப்பரேட்டரை. ஆனால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம்.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, எஞ்சின் ஆறிய பிறகு சோதித்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். ஸ்பார்க் நீலமாக அடிக்கும், பெட்ரோல் வரும், கம்ப்ரஷனும் இருக்கும். சூட்டில் வரும் கோளாறைச் சூட்டில்தான் பிடிக்க முடியும். ஆகவே வண்டி நின்ற அடுத்த மூன்று நான்கு நிமிடங்கள் மிக முக்கியம். பிளக் ஸ்பேனர், சரியான ரகத்தில் ஒரு புது பிளக், ஒரு பழைய துணி ஆகிய மூன்றும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

நின்றவுடன் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, அடுத்த ஒரு நிமிடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க மேலே காற்று நுழையாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடும். இதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஓடும் நேரம்தான் காரணம். ஆனாலும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மூடியைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்து, மெல்லிய செம்புக் கம்பியால் துளையைக் குத்தி விட்டாலே போதும்.

மூடி இல்லையென்றால் அடுத்தது பிளக். துணியைச் சுற்றிப் பிடித்துக் கழற்றுங்கள், கையைச் சுட்டுவிடும். முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பற்றவில்லை என்று பொருள். பெரும்பாலும் மின்சாரப் பக்கத்துக் கோளாறு. பல முறை உதைத்த பிறகும் முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை.

இனி ஸ்பார்க். கையில் இருக்கும் புது பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு சிலிண்டர் ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்து உதையுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீச்சும், தீப்பிடிக்கும். தடித்த நீல ஸ்பார்க் 'டிக்' என்ற சத்தத்தோடு வந்தால் நல்லது. மெல்லிய மஞ்சள் இழையாக வந்தாலோ, விட்டுவிட்டு வந்தாலோ அங்கேயே கோளாறு பிடிபட்டது. எர்த் ஆகாத பிளக்கோடு உதைத்தால், பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் கம்பிச்சுற்றான காயில் சேதமாகலாம், அதனால் உடம்பு படுவதில் கவனம் வேண்டும்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் பிளக்கைத் திரும்ப மாட்டி, கிக்கரை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். காலையில் காலைத் தூக்கி நிறுத்திய கம்ப்ரஷன் இப்போது பஞ்சு மாதிரி இறங்கினால் வால்வு சரியாக மூடவில்லை. இதையும் இப்போதே பார்க்காவிட்டால் ஆறியதும் தெரியாமல் போய்விடும்.

மின்சாரப் பக்கம் என்று முடிவானால், சந்தேகத்தில் முதலில் வர வேண்டியது கண்டென்சர். பாயின்ட் திறக்கும் நொடியில் காயிலில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். கண்டென்சர் அதை வாங்கிக்கொள்வதால்தான் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, பிளக்கில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கிறது. பழைய கண்டென்சருக்குள் இருக்கும் காப்புத்தாள் சூட்டில் கசிய ஆரம்பித்தால், மின்சாரம் பாயின்டிலேயே எரிந்து தீரும், பிளக்குக்கு மிச்சம் வராது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தி நேரத்தில், திறந்த வெளியில், பாயின்ட் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். பாயின்டில் ஊசி முனை அளவு நீலப் பொறி இருப்பது சாதாரணம். தீக்குச்சி உரசியதுபோல மஞ்சள் வெள்ளையாக ஜொலித்தால் கண்டென்சர் முடிந்தது. பகலில் பார்ப்பதானால் பாயின்டைத் திறந்து முகத்தைப் பாருங்கள்: ஒரு பக்கம் சின்ன மேடு, எதிர்ப்பக்கம் அதே அளவு பள்ளம் விழுந்திருக்கும். இன்னொரு வழியும் உண்டு. ஆறிய எஞ்சினை ஓடவிட்டு, முடி உலர்த்தும் டிரையரால் கண்டென்சருக்கு மட்டும் சூடு காட்டுங்கள். எஞ்சின் திணறினால் வேறு சாட்சி வேண்டாம். காயிலையும் இதே மாதிரி தனியாகச் சூடுபடுத்திப் பார்க்கலாம்.

மாற்றும்போது பழைய இருப்பில் கிடந்த கண்டென்சரை நம்ப வேண்டாம். டப்பா பிரிக்காதது என்றாலும் உள்ளே இருப்பது அதே பழைய தாள்தான். 0.22 மைக்ரோஃபாரட், 600 வோல்ட்டுக்குக் குறையாத ஃபிலிம் கப்பாசிட்டர் நன்றாக வேலை செய்யும். அதை எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளி, காயிலுக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஒரு முனை பாயின்ட் ஒயரிலும், மறுமுனை பெயின்ட் சுரண்டிய சுத்தமான எர்த்திலும் இருந்தால் போதும். எர்த் தளர்ந்தால் புதுக் கண்டென்சரும் இல்லாததற்குச் சமம்.

கண்டென்சர் மாற்றினால் பாயின்டையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். மெல்லிய அரத்தால் மேட்டைத் தட்டையாக்கி, கடைசியில் பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் தாளை இடையில் விட்டு இழுங்கள், தாள் கறுப்பாகாமல் வரும்வரை. உப்புத்தாள் தூள் ஒட்டிக்கொண்டிருந்தாலே ஸ்பார்க் போய்விடும். இடைவெளியை, பாயின்டைத் தள்ளித் திறக்கும் கேம் உச்சத்தில் இருக்கும்போது அளக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. பொருந்தும், உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி கூடினால் டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) முந்தும், குறைந்தால் பிந்தும். அதனால் இடைவெளி முதலில், டைமிங் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் இரண்டு வேலையும் வீண். பாட்டரி காயில் வண்டியில் டைமிங் பார்க்க, பாயின்ட் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வாட் பல்பு ஒன்றை இணைத்து சாவியைப் போட்டால் போதும்: பாயின்ட் திறக்கும் அதே கணத்தில் பல்பு எரியும்.

கண்டென்சர் தப்பித்தால் காயில். பிரைமரி (பாயின்ட் பக்கத்துச் சுற்று) ரெசிஸ்டன்ஸை ஆறியபோதும் சூட்டிலும் மல்டிமீட்டரால் அளந்து எழுதிவையுங்கள். செம்பு சூடானால் அளவு கொஞ்சம் கூடுவது இயல்பு, 50 டிகிரிக்கு ஐந்தில் ஒரு பங்கு வரை. குறைந்தாலோ, மீட்டர் எதுவுமே காட்டாவிட்டாலோ சுற்று கெட்டுவிட்டது. ஆனால் மீட்டர் சரியாகக் காட்டினாலும் காயில் நல்லது என்று உறுதி சொல்ல முடியாது. உயர் வோல்ட்டில் மட்டும் உடையும் காப்பு, மீட்டரின் சின்ன பாட்டரிக்குப் பிடிபடாது. நல்லதென்று தெரிந்த ஒரு காயிலை மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் முடிவான சோதனை. ஃப்ளைவீல் மேக்னெட்டோ வண்டிகளில் (சுழலும் மேக்னெட்டிலிருந்தே ஸ்பார்க் எடுப்பவை) மேக்னெட் தட்டுக்குள் இருக்கும் காயிலும் இதேபோல் சூட்டில் கைவிடும். அது எஞ்சின் சூட்டிலேயே கிடப்பது என்பதால் இன்னும் அதிகமாக. பிளக் கேப்பையும் அளந்துவிடுங்கள்: ரெசிஸ்டர் வகையாக இருந்தால் 5 கிலோ ஓம் பக்கம் காட்ட வேண்டும். பழைய கேப் பல மடங்கு காட்டுவது சகஜம்.

கம்ப்ரஷன் சூட்டில் இறங்கியிருந்தால் பார்க்க வேண்டியது டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சந்து. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டும். பழைய இரும்பு சிலிண்டர் புல்லட்டில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) தேவையில்லை: வால்வைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு விரலில் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. சுழலாமல் இறுகியிருந்தால் சூட்டில் வால்வு மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு கருகத் தொடங்கும்.

டூ ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லை, அதற்குப் பதில் கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் ஆயில் சீல். கிழடு தட்டிய ரப்பர் சூட்டில் விலகிக் காற்று கசியும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் நிற்பது, பிளக் வெளுத்திருப்பது இதன் அறிகுறிகள். கியர் பக்க சீல் போனால் வெள்ளைப் புகை வரும், கியர் ஆயில் மட்டம் குறையும். சோதிக்க ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பந்தும் மீட்டருமே போதும். கார்ப்பரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் பழைய டியூப் ரப்பரால் காற்றுப் போகாமல் அடைத்து, பிளக் துளை வழியாக 250 மி.மீ. பாதரச அளவுக்குக் காற்றடியுங்கள். ஆறு நிமிடத்தில் முள் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி இடத்தைக் காட்டும். அதற்கு மேல் அழுத்தம் ஏற்றாதீர்கள், நல்ல சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

கார்ப்பரேட்டருக்கு இப்போதுதான் முறை, அதிலும் ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்னத் துளை) விட முதலில் ஹெட்டோடு பொருந்தும் அதன் அடிப்பட்டை. ஹெட்டுக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் இருக்க வேண்டிய தடித்த பேக்லைட் தட்டு காணாமல் போய் வெறும் பேக்கிங் மட்டும் இருந்தால், சூடு நேரே ஏறி மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் கொதிக்கும். அப்போது பெட்ரோல் வாடை தூக்கும், பிளக் நனைந்திருக்கும், ஆனால் ஸ்பார்க் நன்றாக அடிக்கும். நட்டை அதிகமாக இறுக்கியதால் அடிப்பட்டை வளைந்திருப்பதும் உண்டு. கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் உப்புத்தாளை விரித்து, வட்டமாகத் தேய்த்தால் வளைவு எங்கே என்பது தேய்ந்த பளபளப்பிலேயே தெரியும்.

சரிசெய்த பிறகு பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். முக்கால் மணி நேரம் ஓட்டி, எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். காற்றோட்டம் நின்றதும் ஹெட்டின் சூடு கார்ப்பரேட்டருக்கும் காயிலுக்கும் ஏறுவது அப்போதுதான். அந்த நிலையில் சோக் இல்லாமல் இரண்டு உதைக்குள் பிடித்தால் வேலை முடிந்தது. பிடிக்காவிட்டால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள், ஆற விடாமல்.